சிப்பாய்க்குக் கொடுத்த காசு: ரோமானிய உள்நாட்டுப் போர் வெள்ளி நாணயம் சேர்க்க வருகிறவர்களுக்கு

ரோமானிய வெள்ளிக்காசு ஒன்று வாங்க வேண்டும், எங்கே ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் எடுத்துக் காட்டுவது மார்க் ஆண்டனியின் காசு. ஒரு பக்கம் துடுப்புக் கப்பல், மறுபக்கம் இரண்டு படைக்கொடிகளுக்கு நடுவே கம்பத்தின் உச்சியில் கழுகு. பாதி எழுத்து தேய்ந்திருக்கும், ஓரம் கோணலாக இருக்கும், நிறமும் கொஞ்சம் மங்கல். கேட்டவர் முகம் வாடிவிடும். "சீசர் தலை போட்டது இல்லையா?" இருக்கிறது, அதற்கு ஒரு நல்ல பைக்கின் விலை ஆகும், அதில் போலியும் கொட்டிக் கிடக்கிறது, உங்களுக்கு இன்னும் தராசில் வைத்துப் பார்க்கக்கூடத் தெரியாது. அதனால் கப்பலில் ஏறுங்கள், சீசர் எங்கேயும் போய்விட மாட்டார்.

காலத்தை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

உள்நாட்டுப் போர்க் காசு என்று மொத்தமாகச் சொல்கிறோமே தவிர அது ஒரே காலம் இல்லை. கி.மு. 49-ல் சீசர் ரூபிகான் ஆற்றைத் தாண்டியதிலிருந்து கி.மு. 31 செப்டம்பர் 2 ஆக்டியம் கடற்போர் வரை ஒரு சுற்று. நீரோ ஆட்சி ஆட்டம் கண்ட கி.பி. 68-லிருந்து வெஸ்பாசியன் ஜெயித்த 69-இன் கடைசி வரை இரண்டாவது. கி.பி. 193-ல் பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்றதில் தொடங்கி, 197 பிப்ரவரியில் இன்றைய லியோன் நகருக்குப் பக்கத்தில் நடந்த போரோடு முடிந்தது மூன்றாவது. இவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் ரோமானியர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் இல்லை, மாரியஸ் சுல்லா சண்டையே இருக்கிறது, ஆனால் புதிதாக வருகிறவருக்கு இந்த மூன்றே தாராளம். எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் கட்சி முதல் சுற்று.

மூன்றிலும் ஓடுவது ஒரே கணக்கு. படை வேண்டும், படைக்குச் சம்பளம் வேண்டும், சம்பளம் டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசில் வேண்டும். சீசர் காலத்துச் சிப்பாய்க்கு ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ். பிலிப்பி போருக்கு முன்னால், சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் ஆளுக்கு 1500 கொடுத்ததாக வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார், அதாவது ஆறு வருஷச் சம்பளத்துக்கு மேலே, ஒரே தடவையில். கி.பி. 193-ல், பேரரசரைக் காக்க வேண்டிய பிரிட்டோரியன் காவல்படை பேரரசர் பதவியையே ஏலம் விட்டது. ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ், டெனாரியஸ் கணக்கில் 6,250, தருவதாகச் சொல்லி தீதியஸ் ஜூலியானஸ் அதை எடுத்தார், 66 நாள்தான் ஆண்டார். ஆகவே இந்த வகைக் காசு எதைக் கையில் எடுத்தாலும் "அழகாக இருக்கிறதா" என்பதற்கு முன்னால் "இதை யாருக்குக் கொடுக்க அடித்தார்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எங்கே அடித்தார்கள், ஏன் அவசரமாக அடித்தார்கள், ஏன் வெள்ளி குறைந்தது, எல்லாம் வரிசையாகப் புரியும்.

காசு வாங்கும் முன் தராசு வாங்குங்கள்

நகைக்கடையில் வைத்திருப்பதுபோல 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஆசாரி லென்ஸ், விட்டம் அளக்க ஒரு காலிபர். இந்த மூன்றும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். டெனாரியஸ் என்பது நம் பழைய ஸ்டீல் நாலணாக் காசு அகலம்தான், 18, 19 மில்லிமீட்டர் என்று வையுங்கள், ஆனால் அதைவிடத் தடிமன். சீசர் காலத்தில் ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்தார்கள், ஒன்று ஏறக்குறைய 3.9 கிராம். கி.பி. 64-ல் நீரோ அதை 96 ஆக்கினார், எடை 3.4 கிராமுக்கு இறங்கியது, வெள்ளியின் தரமும் இறங்கியது. தேய்மானத்தால் இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் குறையலாம். சீசர் காலத்துக் காசு புதுசுபோல் பளபளத்துக்கொண்டு 3.0 கிராம் காட்டினால் ஏதோ சரியில்லை.

இணையத்தில் அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டி இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பட்டியல்கள் இரண்டு உண்டு, குடியரசுக் காலத்துக்கு ஒன்று, பேரரசுக் காலத்துக்கு ஒன்று. வாங்கப்போகும் காசை அதில் தேடி, அருங்காட்சியகப் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடியரசுக் காலக் காசுகளுக்கு எல்லாரும் சொல்வது க்ராஃபோர்டு எண், அதாவது க்ராஃபோர்டு என்ற அறிஞர் தொகுத்த பட்டியலில் அந்தக் காசுக்கு உள்ள எண். "க்ராஃபோர்டு 544" என்றால் ஆண்டனியின் கப்பல் காசு, "443" என்றால் சீசரின் யானை. விற்பவர் இந்த எண்ணைத் தவறாகப் போட்டிருந்தால் அவருக்குத் தான் விற்பது என்னவென்று தெரியவில்லை என்று அர்த்தம், சில சமயம் அதுவே உங்களுக்கு லாபம்.

முதல் காசு: ஆண்டனியின் கப்பல்

கி.மு. 32 கடைசியிலும் 31 தொடக்கத்திலும் ஆண்டனி கிரீஸின் மேற்குக் கரையில் கிளியோபாட்ராவோடு முகாம் போட்டிருந்தார், எதிரே சீசரின் வளர்ப்பு மகன் ஆக்டேவியன். அந்தக் குளிர்காலத்தில் தன் படைக்கும் கப்பற்படைக்கும் கொடுக்க அவர் அடித்துத் தள்ளியதுதான் இந்தக் காசு, பத்ராஸ் நகரில் அடித்திருப்பார்கள் என்பது பலர் கருத்து. லெஜியன் என்ற ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனியாக எண் போட்டு அடித்தார், 2-லிருந்து 23 வரை. உங்கள் படைப்பிரிவின் எண் பொறித்த சம்பளம் உங்கள் கைக்கு வருகிறது, நினைத்துப் பாருங்கள், நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளியில் செம்பைக் கூடுதலாகக் கலந்துவிட்டார். ஆண்டனி இரும்பைக் கலந்தார் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார், உண்மையில் கலந்தது செம்பு.

அந்தக் கலப்படம்தான் நமக்கு அடித்த யோகம். நல்ல வெள்ளிக் காசை மக்கள் பானையில் போட்டுப் புதைத்தார்கள், உருக்கினார்கள், மட்டமான ஆண்டனி காசை அடுத்தவர் தலையில் கட்டினார்கள். அதனால் அது 200 வருஷத்துக்கு மேல் கைமாறிக்கொண்டே இருந்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைத்த குவியல்களில்கூட அது கிடைக்கிறது, மார்க்கஸ் ஆரேலியஸும் லூசியஸ் வேரஸும் அதே கப்பலையும் கழுகையும் போட்டு ஆறாவது லெஜியன் பெயரில் ஒரு நினைவுக் காசே வெளியிட்டார்கள். இன்று அது ஏராளமாகக் கிடைக்கிறது, தேய்ந்து கிடைக்கிறது, ஆகவே மலிவு. சீசர் யானை ஒன்றின் விலையில் தேய்ந்த கப்பல் இரண்டு மூன்று வாங்கிவிடலாம்.

இனி படிக்கப் பழகுங்கள். கப்பலுக்கு மேலே ஏ-என்-டி, அடுத்து ஏ-வி-ஜி. லத்தீனில் வி எழுத்துதான் யு-வுக்கும். புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது: ஏ-வி-ஜி என்றதும் "அகஸ்டஸ்" என்று நினைத்துவிடுவார்கள், விற்பவர்களிலேயே சிலர் அப்படி எழுதுகிறார்கள். இங்கே அது "ஆகுர்", பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொல்லும் குருமார் பதவி. அகஸ்டஸ் என்ற பட்டம் ஆக்டேவியனுக்குக் கிடைத்ததே கி.மு. 27-ல்தான், அப்போது ஆண்டனி செத்து மூன்று வருஷம். கப்பலுக்குக் கீழே மூன்று கோடும் சில எழுத்தும் இருக்கும், குடியரசைச் சீரமைக்க நியமித்த மூவரில் ஒருவர் என்று பொருள். சீரமைத்த லட்சணம் தெரிந்ததே.

மறுபக்கம் எல்-இ-ஜி, பக்கத்தில் எண். இங்கே லென்ஸ் வேண்டும். நான்கை நான்கு கோடாக எழுதியதும் உண்டு, ஒன்பதை ஐந்துக்குப் பின் நான்கு கோடாக எழுதியதும் உண்டு. ஓரத்தில் ஒரு கோடு தேய்ந்து போயிருந்தால் ஏழு ஆறாகிவிடும், அதனால் "அரிய எண்" என்று கூடுதல் விலை சொன்னால் எண்ணுக்கு அப்புறம் வெற்றிடம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். 1 என்றோ 23-க்கு மேலே என்றோ போட்டிருந்தால் தள்ளி வையுங்கள், அவை சந்தேகத்துக்கு உரியவை. எண்ணோடு பெயரும் சேர்ந்து வருகிற சில உண்டு, பன்னிரண்டாவது, பதினேழாவது, பதினெட்டாவது லெஜியன்களுக்கு. உளவுப் படைக்கும் பிரிட்டோரியன் காவல்படைக்கும் தனியாகவும் அடித்தார்கள். இவை விலை ஏறும், முதல் காசாக வேண்டாம்.

காசின் முகத்தில் யாரோ சின்னதாக உளி வைத்து முத்திரை குத்தியிருப்பதைப் பார்ப்பீர்கள், பிறை மாதிரி, எழுத்து மாதிரி. அது காசு மாற்றுகிறவர்கள் சோதித்துக் குத்தியது. சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அது இருந்தால் கூடுதல் சந்தோஷம், இரண்டு கை மாறியதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேறென்ன? நாம் "பூவா தலையா" என்று சுண்டுவதைப்போல ரோமானியப் பையன்கள் பழைய செப்புக் காசைச் சுண்டும்போது "தலையா கப்பலா" என்பார்களாம். ஆண்டனி காசில் தலையே இல்லை, கப்பல்தான்.

அடுத்து எதை வாங்கலாம்

இரண்டாவதாக கேட்டோவின் சின்னக் காசைச் சொல்வேன். சீசருக்குப் பணியாமல் வட ஆப்பிரிக்காவில் யூட்டிகா நகரில் கி.மு. 46-ல் தற்கொலை செய்துகொண்ட அதே கேட்டோ. இது குவினாரியஸ், அரை டெனாரியஸ், இரண்டு கிராமுக்குள். முன்னால் ஐவி இலை மாலை சூடிய, லீபர் என்ற மதுக் கடவுளின் தலை, பின்னால் உட்கார்ந்திருக்கும் வெற்றி தேவதை. ஒரு பொறி இருக்கிறது: கி.மு. 89-ல் வேறொரு கேட்டோ ஏறக்குறைய இதே படத்தோடு அடித்திருக்கிறார். யூட்டிகா காசில் பெயருக்குப் பின்னால் பி-ஆர்-ஓ, பி-ஆர் என்ற பதவிச் சுருக்கம் இருக்கும், பழையதில் இருக்காது. தேய்ந்த காசில் அந்த ஐந்து எழுத்துதான் கதையையே மாற்றுகிறது, அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

யானை வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சீசரின் யானை கி.மு. 49-48-ல் அவரோடு நகர்ந்த முகாம் அச்சில் அடித்தது. ரோமுக்குள் வந்ததும் சாட்டர்ன் கோயிலில் இருந்த அரசுக் கருவூலத்தை அவர் கைப்பற்றினார், தடுத்து நின்ற மெட்டெல்லஸ் என்ற மக்கள் பிரதிநிதியைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதாகப் புளூட்டார்க் சொல்கிறார். யானை காலடியில் மிதிபடுவது பாம்பா, டிராகனா, கால் (Gaul) எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதி மக்களின் போர் எக்காளமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பின்பக்கம் குருமாரின் கருவிகள். லட்சக்கணக்கில் அடித்த காசு, அரிதே கிடையாது, எல்லாரும் கேட்பதால்தான் விலை. ஆனால் சீசரின் எதிரி, வேறொரு மெட்டெல்லஸான மெட்டெல்லஸ் சிப்பியோவும் கி.மு. 47-46-ல் ஆப்பிரிக்காவில் யானை போட்டு அடித்தார், முன்னால் ஜூபிடர் தலை. அது அந்தக் குடும்பத்தின் சின்னம், முதல் பியூனிக் போரில் அவர்களுடைய முன்னோர் கார்த்தேஜின் யானைகளைப் பிடித்ததிலிருந்து வருவது. பெரும்பாலும் சீசர் யானையைவிடக் குறைந்த விலைக்குப் போகிறது. தோற்றவன் காசு எப்போதும் மலிவு என்று சொல்ல ஆசைதான், புரூட்டஸ் அதைப் பொய்யாக்கிவிடுகிறார்.

அவருடைய "மார்ச் 15" காசைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே தேதி. கி.மு. 43-42, கொன்றதைப் பெருமையாகப் படை முழுக்க விளம்பரப்படுத்திய காசு. மறுபக்கம் அவருடைய சொந்த முகம்! உயிரோடு இருக்கும் ரோமானியர் ஒருவரின் முகம் ரோமின் நாணயச் சாலையில் வந்தது கி.மு. 44-ல் சீசரோடுதான், முடிசூடப் பார்க்கிறான் என்று அவரைக் குத்திய ஆள் இரண்டே வருஷத்தில் தானும் அதையே செய்தார். வெள்ளியில் 100 அளவில்தான் தெரிந்திருக்கிறது. அதனால் உங்களுக்கு யாராவது மலிவாகத் தந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கி.பி. 69-க்குப் போகிறவர்கள் ஓத்தோவிடம் தொடங்கலாம். மூன்று மாதம் ஆண்டவர், "மக்களின் பாதுகாப்பு" என்று போட்டுக் காசு அடித்தார், ஏப்ரலில் தற்கொலை. ரோமில் அவர் பெயரில் செப்புக் காசே வரவில்லை, ஆகவே அவர் வேண்டுமென்றால் வெள்ளிதான் வழி, விலையும் அதனால் ஏறும். அவர் பொய்முடி வைத்திருந்தார் என்று சூட்டோனியஸ் சொல்கிறார், காசில் சுருள்சுருளாக அடுக்கிய அந்த முடியைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. 68-69-ல் பேரரசர் பெயரே இல்லாமல், கைகுலுக்கும் இரண்டு கைகளைப் போட்டு "படைகளின் விசுவாசம்" என்று அடித்தவையும் உண்டு. அருமையான காசுகள், ஆனால் அரிது, போலியும் நிறைய, கொஞ்சம் பழகியபின் வாருங்கள். 193-ல், மூன்றாவது சுற்றில் கடைசியாக ஜெயித்த செவெரஸ் ஆண்டனியின் வழியையே எடுத்து லெஜியன் பெயர்களோடு அடித்தார், அவரைப் பேரரசராக அறிவித்த 14-வது லெஜியனுடையது சுலபமாகக் கிடைக்கும்.

போலியில் அடிபடாமல் இருக்க

நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இரண்டாவது காசாகவே ஒரு யானை வாங்கினேன், இணையத்தில், படத்தைப் பார்த்து. வந்ததும் தராசில் வைத்தால் 3.1 கிராம். ஓரத்தைச் சுற்றி லென்ஸில் பார்த்தால் மெல்லிய தையல்போல ஒரு கோடு, யாரோ அரம் வைத்துத் தேய்த்து மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். அச்சில் ஊற்றிய வார்ப்பு. உண்மையான காசு சம்மட்டியால் அடித்தது, அதன் ஓரத்தில் தையல் வராது, சில சமயம் அடியின் வேகத்தில் பிளந்த வெடிப்பு வரும். வார்ப்பில் பரப்பெல்லாம் நுண்ணிய குமிழிக் குழிகள், எழுத்தின் விளிம்பு சோப்புக்கட்டி கரைந்ததுபோல மழுங்கியிருக்கும். அடித்துச் செய்த நவீனப் போலி இன்னும் மோசம், அது கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, அதே கீறலும் அதே வெடிப்பும் உள்ள இன்னொரு காசு வேறெங்காவது விற்பனைக்கு வந்திருக்கிறதா என்று பழைய ஏலப் படங்களில் தேடுவது. இரண்டு காசு ஒரே அச்சில் வரலாம், ஒரே கீறலோடு வராது.

இந்தத் தொழில் புதிதும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பெக்கர் என்று ஒருவர் இருந்தார், தான் அடித்த போலிகளை இரும்புத் தூள் போட்ட பெட்டியில் வைத்து வண்டியில் கட்டி ஊர் சுற்றிவிட்டு வருவார், குலுங்கிக் குலுங்கிப் பழசாகிவிடும்.

இன்னொரு வகை இருக்கிறது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு சுற்றியது, ரோமானியர்கள் காலத்திலேயே செய்த போலி. தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு எட்டிப்பார்க்கும், எடை குறையும். அது பழசுதான், போலியும்தான். போர்க்காலத்தில் இதுவும் உலவியது. தெரிந்து, குறைந்த விலைக்கு வாங்கினால் தவறில்லை, நல்ல காசின் விலைக்கு வாங்கினால்தான் வயிற்றெரிச்சல்.

சட்டமும் பழைய சீட்டும்

2020-ல் புரூட்டஸின் "மார்ச் 15" தங்கக் காசு ஒன்று லண்டனில் 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது எங்கிருந்து வந்தது என்று சொன்ன கதை பொய் என்று பின்னால் தெரிந்து, 2023-ல் அமெரிக்க அதிகாரிகள் அதை கிரீஸிடம் திருப்பிக் கொடுத்தார்கள். நம் சின்னக் காசுக்கும் இதே பாடம்தான்: பழைய ஏலப் பட்டியலோ, முந்தைய உரிமையாளரின் சீட்டோ இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, அந்தச் சீட்டைக் காசோடு பத்திரப்படுத்துங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இரண்டு சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். ஆகவே வாங்கும்போது ரசீது கேளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய்தான், இன்றும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் சுங்க விதியை விசாரித்துவிடுங்கள், பொட்டலம் சுங்கத்தில் மாட்டிய பிறகு விசாரிப்பது வேறு மாதிரி அனுபவம்.

அப்புறம், "கரூர் ஆற்றில் எடுத்தது சார்" என்று ஆண்டனி காசைக் காட்டும் ஆட்கள். கோவை, கரூர் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளியில் பெரும்பங்கு அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள், அதாவது சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு அடித்து மிளகு வாங்க வந்தவை. கதை உண்மையாக இருந்தால் அது கலெக்டரிடம் போயிருக்க வேண்டிய புதையல், பொய்யாக இருந்தால் போலி. எப்படிப் பார்த்தாலும் நீங்கள் வாங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்க்கும் கை நம்முடையது, புளியும் எலுமிச்சையும் பக்கத்திலேயே இருக்கும். தொடாதீர்கள். எழுத்தின் ஓரங்களில் படிந்த கருமைதான் படத்தை எடுத்துக் காட்டுகிறது, அதைத் துலக்கினால் காசும் வெளிறிவிடும், விலையும் பாதியாகிவிடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவிட்டு, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வழவழப்பான பிவிசி உறையில் வைத்தால் சில வருஷத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும், அதனால் மைலார் உறையோ மரத் தட்டோ வாங்குங்கள். உறைக்குள் ஒரு சின்னச் சீட்டில் எடை, விட்டம், க்ராஃபோர்டு எண், யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது, இவற்றை எழுதிப் போடுங்கள், பென்சிலில்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். 2000 வருஷம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் பொரிந்திருக்கும், வெளியே தெரியாது. மொசைக் தரையில் விழுந்தால் பிஸ்கட் மாதிரி இரண்டாக உடையும். என்னிடம் ஐந்தாவது லெஜியன் அப்படித்தான் இரண்டு துண்டாக இருக்கிறது.